மேட்டுக்கு நல்ல கால், பள்ளத்துக்குக் கெட்ட கால்

சுகாசனத்துக்கு அந்தப் பெயரை வைத்தவருக்குக் கணுக்கால் உடைந்திருக்காது. சப்பணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். கணுக்காலின் வெளிப்பக்க முண்டு தரையில் பதியும். நல்ல காலில் இது தெரியவே தெரியாது. எலும்பு கூடி ஒன்றரை மாதமே ஆன காலில், சிமெண்ட் தரைக்கும் தோலுக்கும் நடுவே கோலிக்குண்டை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருடம் யோகா செய்தவள் நான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற ஆசனத்தில் என்னால் அரை நிமிடம் உட்கார முடியவில்லை.

நடந்தது சாதாரண விஷயம்தான். குன்னூரில் வீடு என்றால் ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். எங்களுடையது கீழே, நாற்பத்திரண்டு படி. வடகிழக்குப் பருவமழை ஊட்டியைவிடக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் கொட்டும். ஐப்பசியில் படியில் பாசி பிடிக்காத வருடமே கிடையாது. ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் குடை, பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. இடது காலில் வெளிக்கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு விலகாததால் ஆபரேஷன், பிளேட் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கட்டைப் பிரித்ததும் பார்க்க வந்த எல்லாரும் சொன்னது ஒன்றுதான். “நீங்கதான் யோகா பண்றவங்களாச்சே, சீக்கிரம் தேறிடுவீங்க.” இதில் பாதி உண்மை. மறுபாதியை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். புதிதாக வருகிறவருக்கு ஆசனமும் தெரியாது, தன் உடம்பும் தெரியாது. இரண்டும் சேர்ந்தே மெதுவாக வளரும். திரும்பி வருகிறவருக்கு ஆசனம் நன்றாகத் தெரியும். தெரியாதது, இப்போது இருக்கிற இந்த உடம்பு. மனசு எப்போதோ ஊட்டி போய்ச் சேர்ந்துவிட்டது, கால் இன்னும் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. உடம்பு மொத்தமாக இறங்குவதில்லை. மூச்சு, தசை, நாண், எலும்பு, நிதானம் என்று ஒவ்வொன்றும் தன் தன் கணக்கில் இறங்கும், தன் தன் கணக்கில்தான் ஏறும்.

மூச்சிலிருந்து தொடங்கலாம். 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். நோய் கிடையாது, காயம் கிடையாது, வெறும் படுக்கை. எழுந்ததும் அளந்து பார்த்தால், கடும் உழைப்பின்போது உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் இறங்கியிருந்தது. முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரையும் மறுபடி அளந்தார்கள். முப்பது வருடம் வயதானதால் வந்த இறக்கத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கையால் வந்த இறக்கம் பெரிதாக இருந்தது. அதோடு விடவில்லை. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் இருபது வயது அளவைத் திரும்பத் தொட்டார்கள். ஆறு மாதம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாக ஆறு நாள்தான் தருகிறோம்.

தசையின் கதை வேறு. நெதர்லாந்தில் நலமாக இருந்த இளைஞர்களின் ஒரு காலை மட்டும் அசையாமல் கட்டிவைத்துப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் தொடைத் தசையின் பருமன் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பலமோ 20 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. பருமன் குறைந்ததைவிடப் பலம் ஏன் இவ்வளவு போக வேண்டும்? தசை வெறும் சதை இல்லை. ‘இழு’ என்று நரம்பு வழியாக வருகிற உத்தரவும் சேர்ந்ததுதான் பலம். வேலை இல்லாத இடத்துக்கு உத்தரவு வருவதும் குறைந்துபோகிறது. இதனால் ஒரு நன்மையும் உண்டு. பயிற்சியை மறுபடி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறும். சதை வளர்ந்ததால் இல்லை, உத்தரவு மறுபடி ஒழுங்காக வருவதால். முன்பு பயிற்சி செய்தவருக்கு இன்னொரு அனுகூலமும் இருக்கலாம். 2010-இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், பயிற்சியின்போது தசை நார்களுக்குள் கூடுதலாகச் சேர்ந்த உட்கருக்கள், தசை இளைத்த பிறகும் போகாமல் அங்கேயே இருந்தன. மறுபடி வேலை வந்தால் சீக்கிரம் வளர அவை உதவும் என்பது அவர்கள் கருத்து. மனிதர்களிடமும் அப்படியேதானா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. பழைய ஆட்கள் சீக்கிரம் திரும்புவதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

தசைநாண் இப்படி இல்லை. குதிகாலுக்கு மேலே தடவினால் கயிறு மாதிரித் தட்டுப்படுமே, அதுதான் தசையை எலும்போடு கட்டும் நாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, வளர்சிதை மாற்றமும் மந்தம். எவ்வளவு மந்தம் என்பதை 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு விசித்திரமான வழியில் காட்டியது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனை வைத்து, குதிகால் நாணின் உள்பகுதி எப்போது உருவானது என்று கணக்கிட்டார்கள். பதினேழு வயது வாக்கில், உடம்பு உயரமாக வளர்வது நிற்கும்போது, அந்த உள்பகுதியும் புதுப்பிக்கப்படுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஐம்பத்திரண்டு வயதில் என் குதிகாலில் இருப்பது ப்ளஸ் டூ படித்தபோது கட்டிய கயிறு. தசை ஒரு மாதத்தில் திரும்பிவந்து இழுக்க ஆரம்பித்தால், அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது இந்தப் பழைய கயிறுதான்.

எலும்புக்கும் அதன் காலம் உண்டு. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். பிறகு குருத்தெலும்பு மாதிரி மெத்தென்ற இணைப்பு வரும், அப்புறம் அது கெட்டியாகும். ஆறு வாரத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து “கூடிடுச்சு” என்று டாக்டர் சொல்வது இந்தக் கட்டத்தில். அதற்கு மேல் எலும்பு தன்னைச் செதுக்கித் திருத்திக்கொள்ளும் வேலை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஓடும். விழுகிற பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். அதாவது பாரமே தராமல் பொத்திப் பொத்தி வைத்தாலும் எலும்பு சரியாகத் தேறாது. ஒரேயடியாகப் போட்டாலும் ஆகாது.

கடைசியாக நிதானம். இதை யாரும் கவனிப்பதில்லை. மூட்டைச் சுற்றி எலும்பை எலும்போடு கட்டும் இணைப்புநார்களிலும் மூட்டுறையிலும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. கண்ணை மூடினாலும் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். கணுக்கால் அடிபட்டால் அந்தத் தகவல் மங்கிவிடுகிறது. வலி போன பிறகும் மங்கலாகவே இருக்கிறது. ஒரு தடவை கணுக்கால் பிசகியவருக்கு அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை எனக்குப் புரியவைத்தது ஓர் எடை மெஷின். பிசியோதெரபிக்குப் போன இடத்தில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. “ரெண்டு கால்லயும் சமமா நில்லுங்க மேடம்” என்றாள். நின்றேன். “இப்ப சமமா இருக்கா?” சமம்தான், நேராக நிற்கிற தாடாசனத்தைப் பன்னிரண்டு வருடமாகச் செய்கிறவளிடம் கேட்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் கடுப்பு. இடது பாதத்துக்குக் கீழே எடை மெஷினையும் வலது பாதத்துக்குக் கீழே அதே உயரத்துக்கு ஒரு பலகையையும் வைத்தாள். மறுபடி நிற்கச் சொன்னாள். என் எடை 64 கிலோ. பாதிக்குப் பாதி என்றால் மெஷின் 32 காட்ட வேண்டும். காட்டியது 23. “குனிஞ்சு பாக்காதீங்க மேடம், குனிஞ்சா எடை மாறும்” என்று அவளே வாசித்துச் சொன்னாள். சமமாக நிற்கிறேன் என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

நியாயமாக அன்றைக்கே பாடம் படித்திருக்க வேண்டும். நான் அடுத்த வாரமே பழைய வகுப்புக்குப் போனேன். காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனம் வந்தது. கை தானாகக் கீழே போனது, முதுகு தானாக நீண்டது, பழைய சந்தோஷம் வந்தது. சொல்லித்தருகிறவர் தூரத்திலிருந்தே “பிரமாதம்!” என்றார். இன்னும் ஒரு அங்குலம் இறங்கினேன். அன்று சாயங்காலம் கணுக்கால் பன் மாதிரி வீங்கி, செருப்பு நுழையவில்லை. நான்கு நாள் படி ஏறவில்லை.

யோகத்துக்கு வரும் தடைகள் என்று பதஞ்சலி ஒன்பதைப் பட்டியலிடுகிறார். முதலாவதே வியாதி. நோய் வந்தால் பயிற்சி கெடும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்தான், நாம்தான் அவமானம் மாதிரி மறைக்கிறோம். கடைசியாக வருவது அனவஸ்திதத்வம், எட்டிய நிலையில் நிற்க முடியாமல் போவது. திரும்பி வருகிறவர் எல்லாரும் இந்த முதலுக்கும் கடைசிக்கும் நடுவே மாட்டியவர்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது நான்காவதைப் பார்த்தபோது. அதன் பெயர் பிரமாதம். தமிழில் நாம் கைதட்டிப் பாராட்டுகிற அதே சொல், சமஸ்கிருதத்தில் கவனப்பிசகு என்று பொருள். அந்த வகுப்பில் என் திரிகோணாசனத்துக்குக் கிடைத்தது சரியான விமர்சனம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பெரிய ஆசிரியர்களும் இந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள்தான். இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதிக்கு வேர், 1930-களில் மைசூர் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலை. அவரை ஆதரித்தவர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அந்த அரச குடும்பத்தின் கோடைக்கால மாளிகைதான் ஊட்டி ஃபெர்ன்ஹில் அரண்மனை. கிருஷ்ணமாச்சாரியார் பிறகு சென்னைக்கு வந்துவிட்டார். 96 வயதில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை வேண்டாம் என்று மறுத்து, படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத் தானே அமைத்துக்கொண்டார். நூறு வயதைத் தொட்டு 1989-இல் காலமானார். இதைக் கேட்டுவிட்டு யாரும் ஆபரேஷனை மறுக்க வேண்டாம், அவர் கதை அவருக்கு. நான் கவனிப்பது வேறு. அத்தனை ஆசனம் தெரிந்த மனிதர், படுக்கையில் என்ன முடியும் என்பதிலிருந்து தொடங்கினார். எதையெல்லாம் செய்துகொண்டிருந்தோம் என்பதிலிருந்து தொடங்கவில்லை.

அவருடைய மாணவரும் மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்கார் 1979-இல், அறுபது வயதில், ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டார். உலகத்துக்கே ஆசனம் கற்றுத்தந்தவர் அடிப்படை ஆசனங்களிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நாற்காலி, கட்டை, பெல்ட், கயிறு என்று சாமான்களை வைத்து ஆசனம் செய்யும் முறைக்குப் பெயர்போனவர் அவர். சாமான் வைத்துச் செய்வது குறைந்த ரகம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது என் யோகா விரிப்புக்குப் பக்கத்தில் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, மடித்த கம்பளி இரண்டு, அவருடைய பழைய வேட்டி ஒன்று. வீட்டுக்காரருடையதைச் சொல்கிறேன், ஐயங்காருடையது இல்லை.

இனி மலை. இந்த ஊர்களைக் கட்டியதே உடம்பு தேறுவதற்காகத்தான். சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் துவண்ட வெள்ளைக்காரர்கள்தான் ஊட்டிக்கு வந்தார்கள். கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டியதும் அதே காரணத்துக்குத்தான். குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் 1850-களில் ராணுவக் குடியிருப்பு வந்தது நோயுற்ற சிப்பாய்கள் தேறி எழுவதற்காக. காய்ச்சல்காரருக்குச் சரிதான். கால் உடைந்தவருக்கு இதைவிட மோசமான ஊர் கிடைக்காது.

ஏறுவது கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தேறிவரும் காலுக்கு இறங்குவதுதான் கஷ்டம். மேட்டுப்பாளையம் ரயிலில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதனால்தான் பல்சக்கரம். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. இறங்கும்போது அத்தனை எடையையும் பிடித்துப் பிடித்து விட வேண்டும். சரிவில் இறங்கும்போது நம் தொடையின் முன்தசைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் இதே வேலைதான். சுருங்கி இழுக்காமல், நீண்டுகொண்டே தாங்க வேண்டும். இந்த மாதிரி வேலை தசை நார்களை அதிகம் நோகடிக்கும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கணுக்காலும் அதிகம் மடங்க வேண்டும். சமதளத்தில் நடக்கப் பாதம் முன்பக்கமாகப் பத்துப் பாகை மடங்கினால் போதும். படி இறங்க அதுபோல இரண்டு மடங்கு வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் குந்த அதையும்விட அதிகம். கட்டுப் பிரித்த காலில் அந்தப் பத்தே வராது.

அந்தப் பிசியோ பெண் ஒரு வாக்கியம் சொல்லித்தந்தாள். “மேட்டுக்கு நல்ல கால், பள்ளத்துக்குக் கெட்ட கால்.” ஏறும்போது நல்ல கால் முதலில் மேல்படிக்குப் போய் உடம்பைத் தூக்க வேண்டும். இறங்கும்போது கெட்ட கால் முதலில் கீழ்படிக்குப் போக, மேலே நிற்கும் நல்ல கால் பிரேக்மேன் வேலையைப் பார்க்கும். ஒரு படிக்கு இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து இறங்க வேண்டும், குழந்தைகள் இறங்குகிற மாதிரி. நாற்பத்திரண்டு படிக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

இதில் யோகா எங்கே வருகிறது என்றால், கணக்கில் வருகிறது. கோயம்புத்தூரில் இருக்கிற ஒருவர் யோகா விரிப்பில் இருபது நிமிடம் செய்தால் அவர் காலுக்கு அன்றைய வேலை இருபது நிமிடம். குன்னூரில் மார்க்கெட் போய்வந்தவள் அதே இருபது நிமிடத்தைச் செய்தால், கணுக்காலின் கணக்கில் அது ஒரு மணி நேரம். நடையையும் படியையும் பயிற்சியாக எண்ணாமல் விட்டதுதான் என் முதல் தப்பு. இப்போது மார்க்கெட் போகிற நாளில் நின்று செய்கிற ஆசனம் கிடையாது, படுத்துச் செய்வது மட்டும்.

குளிர் இன்னொரு விஷயம். அதிகாலை, பிரம்ம முகூர்த்தம், வெறும் வயிறு என்றுதான் எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். சமவெளிக்கு அது பொருந்தும். மார்கழியில் ஊட்டியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், குன்னூரிலும் விடியற்காலையில் விரல் விறைக்கும். குளிரில் தசை இறுகும். மூட்டுக்குள் இருக்கும் மசகு நீரும், உறைந்த தேங்காய் எண்ணெய் அளவுக்கு இல்லாவிட்டாலும், கெட்டிப்படும். அடிபடாத உடம்பு பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். அடிபட்ட மூட்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பக்கத்து லைன் வீட்டிலிருந்து கொழுந்து பறிக்கப் போகிற அக்கா ஒருநாள் ஜன்னல் வழியாக நான் ஆறு மணிக்கு விரிப்பில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, “வெயில் வரட்டும் கண்ணு, அப்புறம் வளையேன். யாரு துரத்துறா?” என்றார். பத்தரை மணிக்கு மாற்றிக்கொண்டேன். எந்தச் சாஸ்திரமும் கோபித்துக்கொள்ளவில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு உயரத்தைப் பற்றியும் ஒரு வரி. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100, குன்னூர் 1,850. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு, மூச்சில் வரும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. இங்கேயே இருப்பவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும். ஓய்வெடுத்துத் தேறலாம் என்று கீழேயிருந்து வருகிறவர்கள் முதல் சில நாள் படபடப்பையும் இளைப்பையும் பார்த்துப் பயப்படுவதும் உண்டு, “நமக்கு ஒன்றுமில்லை” என்று கபாலபாதியை வேகமாக ஊதுவதும் உண்டு. இரண்டுமே வேண்டாம். சாதாரண மூச்சு, மூக்குத் துளையை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி, அதுவும் மூச்சை அடக்காமல்.

சரி, என்னதான் செய்கிறேன்? முதல் மாதம் முழுக்கப் படுக்கையும் நாற்காலியும்தான். காலைச் சுவரில் மேலே சாய்த்து வைத்துப் பத்து நிமிடம் கிடப்பது, விபரீத கரணியின் சோம்பேறி வடிவம். சாயங்கால வீக்கத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மல்லாந்து படுத்து வேட்டியைப் பாதத்தில் மாட்டி காலைத் தூக்குவது. சேதுபந்தம், இடுப்பை ஓரளவு மட்டும் தூக்கி. இரண்டு பாதமும் தரையில் சமமாக அழுத்துகிறதா என்று பார்க்க அது நல்ல இடம். நாற்காலியில் உட்கார்ந்து முதுகைத் திருப்புவது. அப்புறம் எழுத்து. நாற்காலியில் உட்கார்ந்தபடி கால் கட்டைவிரலால் காற்றில் எழுதச் சொல்வார்கள், மூட்டு எல்லாத் திசையிலும் அசைவதற்காக. பிசியோ பெண் இங்கிலீஷ் எழுத்துகளை எழுதச் சொன்னாள், நான் அ, ஆ எழுதினேன். தமிழ் எழுத்தில் வளைவு அதிகம், கணுக்காலுக்கு அதுதான் நல்லது. ‘ட’ சுலபம். ‘ஐ’ எழுதும்போது உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். ‘ஞ’ இரண்டு மாதம் வரவில்லை. விஜயதசமிக்கு அரிசியில் எழுதிய வயதுக்குப் பிறகு எழுத்தைப் பார்த்து இவ்வளவு பயந்ததில்லை.

நின்று செய்வது இரண்டாவது மாதம்தான், அதுவும் சுவரோரம். தாடாசனத்துக்கு எடை மெஷின், விருட்சாசனத்துக்குக் கதவு நிலை. ஒற்றைக்காலில் நிற்கும்போது ஒரு விரலால் நிலையைத் தொட்டால் போதும், அந்த ஒரு தொடுகையே மூளைக்குப் பெரிய தகவல். கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தைத் தரையில் செய்யாமல் நாற்காலி முதுகைப் பிடித்துச் செய்கிறேன், குதிகாலைத் தரைக்கு அழுத்தும் வெறி வராமல் இருக்க. மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம் இதற்கு நேரெதிர்த் திசையில் கணுக்காலை நீட்டும். துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்குக் கீழே வைத்தால் அந்த இடைவெளி நிரம்பி வலி பாதியாகும். சுகாசனத்துக்கு இரண்டு கம்பளி, உட்காரும் இடத்தில் உயரமாக ஒன்று, அந்த வெளிமுண்டுக்குக் கீழே குழிவிட்டு மடித்து ஒன்று. குதித்துப் பின்னே போகும் சூரிய நமஸ்காரம், மாலாசனத்தில் குந்துவது, பத்மாசனம் மூன்றும் இன்னும் பட்டியலில் இல்லை.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன், அது மறுநாள் காலை. செய்யும்போது லேசாக இழுத்துப் பிடிப்பது பரவாயில்லை. மறுநாள் எழுந்ததும் முந்தைய நாளைவிட வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம், பாதியாகக் குறைக்க வேண்டும். கூடவில்லை என்றால் கொஞ்சம் ஏற்றலாம். செய்துகொண்டிருக்கும்போது உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் அது பொய் சொல்லும், திரிகோணாசனம் அன்று என்னிடம் சொன்ன மாதிரி. ஆனால் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தால், அல்லது திடீரென மூச்சு முட்டினால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கட்டுப்போட்டுக் கிடந்த காலில் ரத்தம் கட்டியிருக்கலாம். நேராக ஆஸ்பத்திரி.

கால் உடையாத மற்றவர்களுக்கு என்று தனியாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இரண்டொரு விஷயம் மட்டும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, கர்ப்பப்பை எடுத்தவர்கள், ஹெர்னியா தைத்தவர்கள் எல்லாரும் சேர்த்து, வெளித்தையல் ஆறுவது ஒரு கணக்கு, உள்ளே தசைச் சுவர் இறுகுவது வேறு கணக்கு. ஆபரேஷன் செய்த டாக்டர் ‘ஆகட்டும்’ என்று சொல்லும்வரை காலையும் உடம்பையும் படகு மாதிரித் தூக்கும் நௌகாசனம், கபாலபாதி, மூச்சடக்கித் தூக்குவது எதுவும் கூடாது. டிஸ்க் பிரச்சினைக்காரர்கள் குனிந்து தரையைத் தொடும் பழைய பெருமையை விட வேண்டியிருக்கும். நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்கு வெளியே காயமே தெரியாது, அதனாலேயே சீக்கிரம் ஏமாறுவார்கள்.

வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய வகுப்பில் பழைய இடத்தில் உட்காருவதுதான் மிகக் கடினம். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரியும், நமக்கும் தெரியும். அதனால் நான் இப்போது வேறு நேரத்தில், புதியவர்கள் வரும் வகுப்புக்குப் போகிறேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கல்லூரிப் பெண் ஒருத்தி என்னைவிட மோசமாகத் தள்ளாடுவாள், இருவரும் சுவரைப் பங்கு போட்டுக்கொள்வோம். போன வாரம் “ஆன்ட்டி, நீங்க எத்தனை மாசமா வர்றீங்க?” என்றாள். “நாலு மாசம்” என்றேன். பொய் இல்லை.

இன்று காலை மெஷினில் இடது கால் 30. படி இறங்க மூன்று நிமிடம், இன்னும் கெட்ட கால்தான் முதலில். வஜ்ராசனத்துக்குத் துண்டு தேவைப்படுகிறது, சின்னத் துண்டாகிவிட்டது. ‘ஞ’ வருகிறது.